நாடாளுமன்றத்தின் ஒரு நாள் அலுவல் பட்டியலைப் படிப்பது எப்படி? கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கூட்டத்தொடர் நடக்கும் நாள்களில் டெல்லியிலிருந்து நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அமளிதான். பதாகை, முழக்கம், ஒத்திவைப்பு, அவ்வளவே. ஆனால் அதே நாளில் மக்களவையில் மட்டும் 250 கேள்விகளுக்கு அமைச்சகங்கள் பதில் கொடுத்திருக்கும். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் அவையில் வைக்கப்பட்டிருக்கும். இருபது உறுப்பினர்கள் தங்கள் தொகுதிப் பிரச்சினையை எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்தக் காகிதங்களுக்குள் நெய்வேலி இருக்கலாம், ஜிப்மர் இருக்கலாம், காரைக்கால் மீனவர்கள் இருக்கலாம். செய்தியில் வராததால் நமக்குத் தெரியாமலே போகிறது.

இதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடும் ஒரு ஆவணம் உண்டு. அதுதான் அலுவல் பட்டியல். குறிஞ்சிப்பாடியில் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியிலேயே படிக்கலாம், காசு கிடையாது. எந்த நேரத்தில் என்ன வரும், எது எந்த விதியின் கீழ் வரும் என்று புரிந்துவிட்டால் இன்னொன்றும் செய்யலாம்: நம் ஊர்ப் பிரச்சினையை அந்தப் பட்டியலில் ஏற்றச் சொல்லி, சரியான நேரத்தில், சரியான வடிவத்தில் எம்.பி.க்கு எழுதலாம். மனுக்கள் பல வீணாய்ப் போவது, அவை தவறான கதவைத் தட்டுவதால்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் படிப்பதையும் எழுதுவதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், உங்கள் எம்.பி. யார்?

கடலூர் மாவட்டத்தில் இருக்கிற எல்லோரும் கடலூர் மக்களவைத் தொகுதி இல்லை. திட்டக்குடி, விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி, கடலூர், குறிஞ்சிப்பாடி ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் கடலூரில் வரும். புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் மூன்றும் சிதம்பரம் தொகுதி. அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னத்தோடு சேர்ந்தது. பரங்கிப்பேட்டை மீனவர் ஒருவர் கடலூர் எம்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. அவருக்குரிய எம்.பி. வேறு.

2024 தேர்தலில் கடலூரில் எம்.கே. விஷ்ணு பிரசாத்தும், சிதம்பரத்தில் தொல். திருமாவளவனும், புதுச்சேரியில் வெ. வைத்திலிங்கமும் வென்றார்கள். புதுச்சேரிக்கு மக்களவையில் ஒரே இடம்தான். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்குக்கும் சேர்த்து அந்த ஒருவர். மாநிலங்களவையிலும் ஒரே இடம். 2021-இல் அதற்குத் தேர்வானவர் எஸ். செல்வகணபதி. தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 இடங்கள்.

எம்.பி. ஒருவர் தன் தொகுதியைப் பற்றி மட்டும்தான் கேட்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. கடலூரிலிருந்து ஜிப்மருக்கு எத்தனை பேர் போய் வருகிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஆகவே ஜிப்மர் பற்றிய கேள்வியைக் கடலூர் எம்.பி.யும் கேட்கலாம், மாநிலங்களவை உறுப்பினரும் கேட்கலாம். ஒரு கதவு திறக்கவில்லை என்றால் அடுத்ததைத் தட்டுங்கள்.

பட்டியல் எங்கே, எப்போது கிடைக்கும்?

நாடாளுமன்றத்தின் இணையதளம் சன்சத் டாட் இன். அதில் மக்களவை, மாநிலங்களவை என்று இரண்டு பிரிவுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் அவை அலுவல் பகுதிக்குள் போனால் தேதி வாரியாக அலுவல் பட்டியல் பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கும். பெரும்பாலும் முந்தைய நாள் மாலையோ இரவோ ஏற்றிவிடுவார்கள். ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். முதலில் படிக்கச் சிரமமாகத் தோன்றலாம். ஆனால் பட்டியலின் வாசகங்கள் நாள்தோறும் ஒரே அச்சில் வருபவை. நான்கைந்து பட்டியல்களைப் படித்துவிட்டால் பழகிவிடும்.

பட்டியலைத் தயாரிப்பது அவையின் தலைமைச் செயலாளர் அலுவலகம். எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்பதை அலுவல் ஆய்வுக் குழு பரிந்துரைக்கிறது. மக்களவையில் சபாநாயகர் தலைமையில் 15 பேர் கொண்ட குழு அது. பட்டியலில் இல்லாத அலுவலைச் சபாநாயகரின் அனுமதி இல்லாமல் அவையில் எடுக்க முடியாது. அதனால் அரசு கடைசி நேரத்தில் எதையாவது கொண்டுவர விரும்பினால் துணைப் பட்டியல் ஒன்று வரும், அல்லது திருத்திய பட்டியல் வரும். காலை பத்தரை மணிக்கு ஒருமுறை இணையதளத்தைத் திரும்பப் பார்ப்பது நல்ல பழக்கம். முக்கியமான மசோதாக்கள் சில துணைப் பட்டியலில்தான் வந்திருக்கின்றன. 2023 செப்டம்பர் 19 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் முதல் அமர்விலேயே, மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா அப்படித்தான் வந்தது.

காலை 11 மணி: கேள்வி நேரம்

மக்களவை 11 மணிக்குக் கூடும். புதிய உறுப்பினரின் உறுதிமொழி, மறைந்தவர்களுக்கு இரங்கல் இருந்தால் முதலில் அவை. அதன்பின் 12 மணி வரை கேள்வி நேரம். பட்டியலில் இதற்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும்: கேள்விகள் தனிப் பட்டியலில் உள்ளபடி கேட்கப்படும் என்று. அந்தத் தனிப் பட்டியலைத்தான் நீங்கள் தேடி எடுக்க வேண்டும். அன்றைய நாளின் உயிர் அதில்தான் இருக்கிறது.

கேள்விகளில் இரண்டு முக்கிய வகை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார், அதன்மேல் துணைக் கேள்விகள் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு இப்படி 20 கேள்விகள். நட்சத்திரக் குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் மட்டும் பதில். ஒரு நாளைக்கு 230. மாநிலங்களவையில் இந்த எண்கள் 15, 160.

செய்தியாளர்கள் கவனிப்பது அந்த 20-ஐத்தான். ஒரு மணி நேரத்துக்குள் அவற்றில் ஐந்தாறு முடிந்தாலே பெரிது. நம்மைப் போன்றவர்களுக்கு அதிகம் பயன்படுவது அந்த 230 என்பேன். காரணம் எளிது. எழுத்தில் வரும் பதிலில் எண் இருக்கும், மாவட்டம் இருக்கும், ஆண்டு இருக்கும், இணைப்பாக அட்டவணை இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்கும் போகலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். அப்புறம், அவை 11.05-க்கு அமளியில் ஒத்திவைக்கப்பட்டாலும் இந்தப் பதில்கள் நிற்பதில்லை. அவையில் வைக்கப்பட்டதாகக் கருதி இணையதளத்தில் ஏறிவிடும். வாய்மொழிப் பதிலுக்கான 20 கேள்விகளில் முறை வராதவற்றுக்கும் அப்படியே எழுத்துப் பதில் வந்துவிடும். 'இன்று நாடாளுமன்றம் முடங்கியது' என்று செய்தி வரும் நாளிலும் உங்கள் ஊர்க் கேள்விக்குப் பதில் வந்திருக்கலாம். அன்று சாயங்காலம் தேடிப் பாருங்கள்.

கேள்விப் பட்டியலைப் படிக்கும்போது அமைச்சகத்தின் பெயரைப் பாருங்கள். அமைச்சகங்களை ஐந்து தொகுதிகளாகப் பிரித்து, வாரத்தின் ஐந்து நாள்களுக்கு ஒதுக்கியிருப்பார்கள். ஒரு அமைச்சகத்துக்கு வாரத்தில் ஒரு நாள்தான் முறை. இந்த ஒதுக்கீடு மாறக்கூடியது. ஒவ்வொரு கூட்டத்தொடருக்கு முன்னும் அட்டவணையாக வெளியிடுகிறார்கள். எந்த நாளுக்கான கேள்வியை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.

சரி, நம் ஊர் விஷயம் எந்த அமைச்சகத்துக்குப் போகும்? இதைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

நெய்வேலி என்எல்சி இந்தியா நிறுவனம் என்றால் நிலக்கரி அமைச்சகம். ஜிப்மர் என்றால் சுகாதார அமைச்சகம்; அது 2008-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ரயில் பாதை என்ற நெடுநாள் கோரிக்கை ரயில்வே அமைச்சகத்தைச் சேர்ந்தது. இன்றைக்கும் புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் விழுப்புரம் சுற்றித்தான் போக வேண்டும். இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற காரைக்கால் மீனவர்கள் பற்றியது வெளியுறவு அமைச்சகம். படகு, வலை, மானியம், துறைமுக வசதி என்றால் மீன்வளத்துக்கான அமைச்சகம். புதுச்சேரிக்கு மாநிலத் தகுதி கேட்பது, யூனியன் பிரதேச நிர்வாகம், துணைநிலை ஆளுநரின் அதிகாரம் ஆகிய எல்லாம் உள்துறை.

கடலூர் சிப்காட் புகையும் கழிவுநீரும் கொஞ்சம் சிக்கலான விஷயம். சிப்காட் தமிழ்நாடு அரசின் நிறுவனம். மாநில அரசின் பொறுப்பில் உள்ளதைப் பற்றி நேராகக் கேட்டால் கேள்வியையே ஏற்க மாட்டார்கள். ஆனால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கே என்ன ஆய்வு செய்தது, அதன் முடிவு என்ன, என்ன உத்தரவு போட்டது என்று சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் கேட்டால் அது ஏற்கத்தக்க கேள்வி.

கேள்வியை எழுதுவது எப்படி?

எம்.பி. அலுவலகத்தில் வேலை மிகுதி. 'எங்கள் பகுதி நிலப் பிரச்சினையைக் கிளப்புங்கள்' என்று எழுதினால் அதைக் கேள்வியாக மாற்ற அங்கே யாராவது உட்கார வேண்டும். நீங்களே கேள்வி வடிவத்தில் எழுதிக் கொடுத்தால் அவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம்.

விதிகள் கடினமானவை அல்ல. 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். கருத்து, குற்றச்சாட்டு, வசை, ஊகம் கூடாது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கின் சாரத்தைக் கேட்கக் கூடாது. எல்லோருக்கும் எளிதில் கிடைக்கிற தகவலைக் கேட்கக் கூடாது. பகுதி பகுதியாகப் பிரித்துக் கேட்கலாம்.

'நிலம் கொடுத்தவர்களை என்எல்சி வஞ்சிப்பது ஏன்?' என்று எழுதினால் அது முதல் பார்வையிலேயே திரும்பிவிடும். வலி உண்மைதான், வடிவம்தான் தவறு. இப்படி எழுதிப் பாருங்கள்:

(அ) கடந்த ஐந்து ஆண்டுகளில் கடலூர் மாவட்டத்தில் சுரங்க விரிவாக்கத்துக்காக என்எல்சி இந்தியா நிறுவனத்துக்குக் கையகப்படுத்தப்பட்ட நிலத்தின் அளவு, ஊர் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் என்ன?

(ஆ) நிலம் கொடுத்த குடும்பங்களில் நிரந்தர வேலை பெற்றவர்கள் எத்தனை பேர், ஒப்பந்த வேலை பெற்றவர்கள் எத்தனை பேர்?

(இ) இழப்பீடும் மறுகுடியமர்வும் கேட்டு நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் எத்தனை, அதற்குக் காரணம் என்ன?

(ஈ) அவற்றை முடிக்க அரசு வைத்திருக்கும் காலக்கெடு என்ன?

கோபம் ஒரு சொல்லிலும் இல்லை. ஆனால் இதற்குப் பதில் சொல்ல அமைச்சகம் நிறுவனத்திடம் கணக்குக் கேட்டே ஆக வேண்டும். 'ஊர் வாரியாக' என்பதை விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் நாடு முழுவதற்குமான மொத்த எண் ஒன்றைக் கொடுத்து முடித்துவிடுவார்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மக்களவையில் கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். நிறையக் கேள்விகள் வரும் என்பதால் குலுக்கல் முறையில் வரிசை முடிவாகிறது. ஒரு உறுப்பினருக்கு ஒரு நாளில் ஐந்து கேள்விகளுக்கு மேல் இடம் இல்லை; அவற்றில் ஒன்றுதான் நட்சத்திரக் குறியோடு வரலாம். எனவே கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு மனு எழுத உட்கார்ந்தால் தாமதம்தான். தேதி அறிவிப்பு செய்தித்தாளில் வந்த அன்றே எம்.பி. அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஒரே கேள்வியை இரண்டு மூன்று உறுப்பினர்களுக்கு அனுப்பினால் குலுக்கலில் வாய்ப்பும் கூடும்.

12 மணி: அவையில் வைக்கப்படும் ஆவணங்கள்

பட்டியலில் நீளமாகவும் சலிப்பாகவும் தெரியும் பகுதி இதுதான். இன்ன அமைச்சர் இன்ன ஆவணத்தை அவையில் வைப்பார் என்று வரிசையாக இருக்கும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். மத்திய அரசு நிறுவனங்களின் ஆண்டறிக்கை, தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, நிலைக்குழு அறிக்கை ஆகிய மூன்றை மட்டும் தேடுங்கள். என்எல்சியின் ஆண்டறிக்கையும் ஜிப்மரின் ஆண்டறிக்கையும் இந்த வழியாகத்தான் அவைக்கு வரும். அறிக்கை தாமதமாக வந்தால் தாமதத்துக்கான காரணத்தையும் தனி அறிக்கையாக வைக்க வேண்டும். அதுவும் பட்டியலிலேயே தெரியும்.

பட்டியலில் விவரம் இல்லாத பூஜ்ஜிய நேரம்

ஆவணங்கள் முடிந்ததும் வருவது பூஜ்ஜிய நேரம். விதிப் புத்தகத்தில் இப்படி ஒரு நேரமே கிடையாது, பழக்கத்தில் வந்தது. அதனால் யார் எதைப் பேசப் போகிறார்கள் என்பதை அலுவல் பட்டியலில் பார்க்க முடியாது. உறுப்பினர்கள் அன்று காலைக்குள் அறிவிப்புக் கொடுப்பார்கள், குலுக்கலில் வரிசை முடிவாகும். பேசக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அமைச்சர் உடனே பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அப்படியென்றால் இதனால் என்ன பயன்? அவசரத்துக்கு இதுதான் வழி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரி நகரம் வெள்ளத்தில் நின்றது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பகுதிகளை மூழ்கடித்தது. அப்போது குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. நவம்பர் 25-இல் தொடங்கி டிசம்பர் 20-இல் முடிந்த தொடர். டிசம்பர் 2, திங்கள்கிழமை ஒருவர் கேள்விக்கு அறிவிப்புக் கொடுத்திருந்தால் 15 முழு நாள் கணக்கில் அது டிசம்பர் 18-க்கு முன் வராது. அதற்குள் வெள்ளம் வடிந்திருக்கும். பூஜ்ஜிய நேரத்தில் என்றால் மறுநாளே பேசலாம். இந்த ஒரு கணக்கு மனத்தில் இருந்தால், எதைக் கேள்வியாகக் கேட்பது, எதை உடனே எழுப்பச் சொல்வது என்ற குழப்பம் வராது.

பூஜ்ஜிய நேரத்துக்காக எம்.பி.க்கு எழுதும்போது நீண்ட மனு வேண்டாம். ஊர்ப் பெயர், என்ன நடந்தது, எந்த அமைச்சகம் என்ன செய்ய வேண்டும் என்று ஐந்தாறு வரி போதும். அவர் அதை அப்படியே எழுந்து படிக்கும்படி இருக்க வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பின் 120-ஆவது பிரிவின்படி உறுப்பினர் தாய்மொழியில் பேச அனுமதி பெறலாம். தமிழுக்கு அவையில் உடனடி மொழிபெயர்ப்பும் உண்டு.

377-ஆம் விதி

அடுத்த கதவு இது. பெயர் வறட்சியாக இருந்தாலும் தொகுதிப் பிரச்சினைக்கு மிகவும் பொருத்தமானது. வேறு எந்த விதியிலும் அடங்காத விஷயத்தை 250 சொற்களுக்குள் எழுதிக் கொடுக்கலாம். ஒரு உறுப்பினருக்கு வாரத்துக்கு ஒன்று. நாளொன்றுக்கு இருபது வரை எடுக்கிறார்கள். பல நாள்களில் படிக்கவே சொல்வதில்லை, அவையில் வைத்ததாகக் கருதிவிடுவார்கள். அதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். பதிவு பதிவுதான். சம்பந்தப்பட்ட அமைச்சர் பின்னர் அந்த உறுப்பினருக்கு எழுத்தில் பதில் அனுப்புவது நடைமுறை. இரண்டு மாதம் கழித்து எம்.பி. அலுவலகத்தில் அந்தப் பதிலின் நகலைக் கேளுங்கள். பெரும்பாலோர் கேட்காமல் விடுவது இதைத்தான். மாநிலங்களவையில் இதற்கு இணையானது சிறப்புக் குறிப்பு. அதற்கும் 250 சொல்தான்.

கவன ஈர்ப்பு என்பது இதைவிடக் கனமானது. உறுப்பினர் கவனத்தை ஈர்க்க, அமைச்சர் அவையிலேயே விளக்கம் தர வேண்டும். ஒத்திவைப்புத் தீர்மானம் இன்னும் பெரியது. மற்ற அலுவலை நிறுத்திவிட்டு எடுப்பது, 50 உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும். ஊர்ப் பிரச்சினைக்கு அந்த அளவுக்குப் போக வேண்டிய தேவை அரிது.

மதியம்: மசோதாக்கள்

ஒன்று முதல் இரண்டு மணி வரை உணவு இடைவேளை. அதன்பின் ஆறு மணி வரை சட்டமியற்றும் வேலை. பட்டியலில் மசோதாவின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துவிடாதீர்கள். அதோடு சேர்ந்த வாசகம்தான் முக்கியம். 'அறிமுகம் செய்ய அனுமதி கோருவார்' என்றால் இன்று விவாதம் இல்லை, பிறப்பு மட்டும்தான். 'பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும்', அதோடு 'நிறைவேற்றப்படும்' என்றும் இருந்தால் இன்றே விவாதமும் வாக்கெடுப்பும் நடக்கலாம். அறிமுகத்துக்கும் பரிசீலனைக்கும் நடுவே எத்தனை நாள் இடைவெளி இருந்தது என்று பாருங்கள். அந்த இடைவெளியில்தான் நாம் கருத்துச் சொல்ல முடியும். மசோதா நிலைக்குழுவுக்கோ கூட்டுக் குழுவுக்கோ போனால் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரமும் வரும்.

புதுச்சேரிக்காரர்கள் இந்தப் பகுதியை மற்றவர்களைவிடக் கூர்ந்து படிக்க வேண்டும். மாநிலங்களுக்கு இல்லாத ஒரு நிலை புதுச்சேரிக்கு உண்டு. அதன் சட்டப்பேரவையே 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுகள் சட்டத்தின்படி அமைந்தது. அந்தச் சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றம். 2023 டிசம்பரில் புதுச்சேரிச் சட்டப்பேரவையிலும் மகளிர் இட ஒதுக்கீடு வரும்படி இந்தச் சட்டத்தைத் திருத்தும் மசோதா மக்களவையில் அறிமுகமான அன்றே நிறைவேறியது. அடுத்த சில நாள்களில் மாநிலங்களவையும் நிறைவேற்றியது. அதற்கு முன் 2021 மார்ச்சில், புதுச்சேரியில் குடியரசுத் தலைவர் ஆட்சி இருந்தபோது, புதுச்சேரியின் செலவுக்கான ஒதுக்கீட்டு மசோதாக்களே மக்களவை அலுவல் பட்டியலில் வந்தன. வழக்கமாகப் பேரவையில் பேச வேண்டிய பணம் டெல்லியில் பேசப்பட்டது. இப்படிப்பட்ட வரி ஒன்று பட்டியலில் வந்தால் முந்தைய இரவே தெரிந்திருப்பது நல்லது.

விவாதம் முடிந்ததும் பிரிவு பிரிவாக ஏற்பார்கள், பிறகு குரல் வாக்கெடுப்பு. யாராவது வலியுறுத்தினால்தான் எண்ணி வாக்கெடுப்பு நடக்கும், உங்கள் எம்.பி. எப்படி வாக்களித்தார் என்பது பெயரோடு பதிவாகும். குரல் வாக்கில் அது தெரியாது. அவையில் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்களாவது இருக்க வேண்டும். மக்களவையில் 55, மாநிலங்களவையில் 25.

மாலையும் வெள்ளிக்கிழமையும்

சில நாள்களில் பட்டியலின் கடைசியில் அரை மணி நேர விவாதம் இருக்கும். மக்களவையில் திங்கள், புதன், வெள்ளி. முன்பு வந்த பதிலில் தெளிவு போதவில்லை என்றால் அதன்மேல் கேட்பதற்கானது. நெய்வேலிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் இதைக் கேட்டு எம்.பி.க்கு எழுதலாம்.

வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டரை மணி நேரம் தனிநபர் அலுவல். அமைச்சர் அல்லாத உறுப்பினர்களின் மசோதாவும் தீர்மானமும் வாரம் மாற்றி வாரம் வரும். இதுவரை 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன, கடைசியானது 1970-இல். அதை வைத்து இது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். புதுச்சேரி மாநிலத் தகுதி போன்ற கோரிக்கையை முழு மசோதாவாக எழுதி அவையின் முன் வைக்க ஒரு தனி உறுப்பினருக்கு உள்ள ஒரே நேரம் இதுதான்.

மாநிலங்களவையில் என்ன வித்தியாசம்?

வரிசை மாறும். காலை 11 மணிக்கு ஆவணங்களும் பூஜ்ஜிய நேரமும், 12 முதல் 1 வரை கேள்வி நேரம். 2014 முதல் இப்படித்தான். இரண்டு அவைகளின் கேள்வி நேரமும் ஒரே சமயத்தில் வருவதில்லை என்பதால் சன்சத் தொலைக்காட்சியில் இரண்டையும் பார்க்க நினைப்பவர்களுக்கு வசதி.

அன்றைய நாள் முடிந்த பிறகு

மாலையில் இணையதளத்தில் கேள்வி பதில் பகுதிக்குப் போய், தேடலில் ஆங்கிலத்தில் கடலூர், புதுச்சேரி, நெய்வேலி, ஜிப்மர், காரைக்கால் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எழுத்துக்கூட்டல் மாறி மாறி இருக்கும். புதுச்சேரிக்கு பாண்டிச்சேரி என்றும் தேட வேண்டும். கிடைக்கும் பதிலைக் கேள்வி எண்ணோடும் தேதியோடும் சேமித்து வையுங்கள். தகவல் அறியும் உரிமை மனுவில் அந்த எண்ணைக் குறிப்பிட்டால் 'தகவல் இல்லை' என்று ஒரு அலுவலகம் சொல்வது கடினம். அவையில் பேசியது முழுவதும் சொல்லுக்குச் சொல் பதிவாகி, சில நாள்களில் அதே தளத்தில் கிடைக்கும்.

பதில்களில் அடிக்கடி ஒரு வாசகம் வரும்: 'தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்.' பலர் இதைக் கைவிரித்தது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அப்படியல்ல. இது அரசு அவைக்குக் கொடுத்த உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேறியதா என்று கண்காணிக்க இரண்டு அவைகளிலும் உறுதிமொழிக் குழு இருக்கிறது. பதில் வந்த தேதியிலிருந்து மூன்று மாதத்தை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அன்று வரை எதுவும் வரவில்லை என்றால், கேள்வி எண்ணையும் தேதியையும் போட்டு எம்.பி.க்கு ஒரு கடிதம், அந்தக் குழுவின் தலைவருக்கு ஒரு கடிதம்.

எம்.பி. வழியாக எதுவும் நகரவில்லை என்றால் மக்களவையின் மனுக்கள் குழு இருக்கிறது. உறுப்பினர் ஒருவரின் மேலொப்பம் இருந்தால் மனு அவையிலேயே முன்வைக்கப்படும். இல்லாவிட்டாலும் பொதுமக்களின் கோரிக்கைகளை அந்தக் குழு பரிசீலிக்கும். முகவரி, மக்களவைச் செயலகம், புதுடெல்லி. நீங்கள் சேமித்து வைத்த பழைய பதில்களின் நகலை அதோடு இணையுங்கள்.